வாக்குமூலத்தில் வெட்டிய சிரிப்பு

யாழ்ப்பாணத்தில் இலக்கியம் படிப்பித்தபோது, அமெரிக்காவில் வாழ்ந்து மறைந்த ஒரு பாலஸ்தீன இலக்கிய விமர்சகரைப் பற்றித்தான் அதிகம் பேசினேன். மேற்கு நம்மைப் பற்றி வரைந்துவைத்த படத்துக்குள் நாமே போய் உட்காரக் கூடாது என்று அவரை வைத்துத்தான் சொன்னேன்.

இன்று, படகில் வந்திறங்கிய நாட்டின் பிளாக்டவுன் புறநகரில், அகதி விண்ணப்பத்துக்கான என் வாக்குமூலத்தைப் பார்த்த குடிவரவு ஏஜென்ட் அண்ணை பேனையை எடுத்தார்.

"படகில சிரிச்சனாங்கள் எண்டு போட்டிருக்கு. இதை வெட்டுவம், தம்பி."

"உண்மையாச் சிரிச்சனாங்கள், அண்ணை."

"ஓம். ஆனா சிரிச்ச அகதியை அதிகாரிகள் நம்பமாட்டாங்கள்."

திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில், வெட்டிய வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

வியாழக்கிழமை நேர்காணல். என் பழைய மாணவர்கள் யாராவது இதைப் படித்தால் தைரியம் சொல்லுங்கள். அந்தப் பாடத்தை மட்டும் ஞாபகப்படுத்தாதீர்கள்.