கைக்காத காத்தோட்டி

நேற்று ஜெர்மனியின் ஹம் நகரத்துச் சூப்பர்மார்க்கெட்டில், ஊறுகாய்ப் போத்தல்கள் அடுக்கிய தட்டுக்கு முன்னால் கைத்தொலைபேசியைக் காதில் வைத்தபடி நின்றேன். மறுமுனையில் மனைவி.

"மொட்டு இருக்கிற போத்தல் வேண்டாம். காம்போடை காய் இருக்கும், அதை எடுங்கோ."

இத்தனை வருடத்துக்குப் பிறகும் நான் மொட்டைக் கொண்டுவந்துவிடுவேன் என்று அவளுக்குப் பயம். நியாயமான பயம்தான். ஜெர்மன்காரர் இறைச்சி உருண்டைக் குழம்பில் போடும் கேப்பர் என்ற செடியின் மொட்டு அது; காம்போடு இருப்பது அதே செடியின் காய். அதைக் கண்டாலே எனக்கு வட ஆபிரிக்காவின் துனீஸ் நகரம் மணக்கத் தொடங்கிவிடும்.

நாங்கள் துனீசுக்குப் போனதே ஒரு கூத்து. எண்பதுகளின் கடைசியில் கெல்சென்கிர்ச்சனில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அதற்கு முதல் அகதி முகாமில் இருந்த காலத்தில் பக்கத்து நகரத்துக்குப் போகவே அனுமதி கேட்க வேண்டும். பிறகு அகதி அந்தஸ்து கிடைத்து, நீல நிறப் பயணப் பத்திரமும் கைக்கு வந்தது. இலங்கை தவிர எல்லா நாடுகளுக்கும் செல்லும் என்று அதில் ஒரு வரி. உலகமே திறந்துவிட்டதென்று நான் துள்ளினேன். அவள் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சில கிழமைகளில், சித்திரை மாதம், ஊரில் அவளுடைய அப்பா காலமானார். ஒரே பிள்ளை, போக வழியில்லை. செய்தி வந்த அன்றும் அவள் அழவில்லை, பிறகும் அழவில்லை. சமைத்தாள், துவைத்தாள், ஜெர்மன் வகுப்புக்குப் போனாள். அழாத மனிசியோடு ஒரே அறையில் இருப்பது எவ்வளவு பயம் என்பது அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

அடுத்த வருடக் கோடையில், எங்காவது போவோமா என்று கேட்டேன்.

"கடல் இருக்கோணும். குளிர்க் கடல் வேண்டாம்" என்றாள். எந்த வாரம் போவது என்பதையும் அவளே சொன்னாள். அவள் எதையாவது கேட்டாளே என்ற சந்தோஷத்தில் நான் காரணம் கேட்கவில்லை.

என்னோடு வேலை செய்த ஹபீப் துனீஸ்காரன். தம்பியின் மாடி அறை சும்மா கிடக்கிறதென்று சாவியைத் தந்தான். கடைசி நேரத்தில் மலிவாக விற்ற விமானச் சீட்டு, இருவருக்கும் ஒரே பை. புறப்பட்டுவிட்டோம்.

போய் இறங்கிய மறுநாள் நான் கண்விழிக்க முதலே அவள் தலைமுழுகியிருந்தாள். பழைய நகரத்துச் சந்துகளுக்குள் நடந்தோம். ஒரு சந்து முழுக்கத் தோல் மணம், திரும்பினால் அத்தர், அதற்கும் அங்கால் வறுத்த சீரகம். எங்களை இந்தியர் என்று நினைத்து "ஹிந்த்! ஹிந்த்!" என்று கூப்பிட்டார்கள். ஒரு செருப்புக் கடைக்காரர் ஹிந்திப் பாட்டொன்றை முழுதாகப் பாடியே காட்டினார். யாழ்ப்பாணத்தானுக்கு ஹிந்தி எங்கே தெரியும்? தலையை ஆட்டித் தாளம் போட்டேன். செருப்பின் விலை குறையவில்லை.

பசித்தது. மலிவான ரொட்டி ஒன்று வாங்கி அவளிடம் நீட்டினேன். உள்ளே சூரை மீன். அந்த ஊரில் எதைத் தொட்டாலும் சூரை மீன்தான்.

"இண்டைக்கு எனக்கு மச்சம் ஏலாது. நீங்கள் சாப்பிடுங்கோ. பிறகு கடலுக்குப் போவம்."

ஏரியைக் குறுக்கறுத்து ஓடும் சின்ன ரயிலில் ஏறினோம். கடற்கரையில் உள்ளூர்ப் பெண்களும் உடுத்த உடுப்போடுதான் குளித்தார்கள். இவள் சேலையோடு இறங்கி மூன்றுமுறை மூழ்கியதை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கரையேறியதும் சொன்னாள்.

"இண்டைக்கு ஆடி அமாவாசை. ஆண்டுத் திவசம் முடிஞ்சு அப்பாவுக்கு வாற முதல் விரதம். கடல் கிடைச்சிட்டுது. காத்தோட்டிக்கு எங்கை போறது?"

உங்கள் பக்கத்தில் எப்படியோ தெரியாது. எங்கள் பக்கத்தில் அன்றைய சோற்றோடு காத்தோட்டிக்காய் கட்டாயம். வேலியில் படரும் முள்ளுக்கொடியின் காய். வாய்க்குள் வைக்க முடியாத கைப்பு. அது இலையில் விழாவிட்டால் விரதம் நிறையாது.

ரயிலடிக்குத் திரும்பும் வழியில் ஒரு பழைய கல்மதில். அதன் வெடிப்பிலிருந்து ஒரு செடி தொங்கியது. வெள்ளைப் பூ, பூவுக்குள் நீள நீளமாக மகரந்தத் தண்டுகள். அவள் நின்றுவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, இது எங்கடை காத்தோட்டிப் பூவெல்லோ?"

"உமக்குப் பசி. இனி எல்லாம் காத்தோட்டியாத்தான் தெரியும்" என்றேன்.

அவள் முள்ளுக்குள் கையை விட்டு ஒரு பச்சைக் காயைப் பறித்து வாய்க்குக் கொண்டுபோனாள். மரக்கறிக் கூடையோடு வந்த ஒரு பெண் ஓடிவந்து அதைப் பறித்தாள். முகத்தைச் சுளித்து, தலையாட்டி, இவளுடைய கையைப் பிடித்து மூலைக்கடைக்கு இழுத்துப் போனாள். "கபார், கபார்" என்று ஒரு வாளியைக் காட்டினாள். கேப்பருக்கு அங்கே அதுதான் பெயர்; காத்தோட்டிக்கு அது ஒன்றுவிட்ட சகோதரம் என்று பிறகுதான் தெரிந்தது. உப்புநீரில் அதே காய், காம்போடு மிதந்தது.

ரொட்டி, தக்காளி, அவித்த கடலை, ஒரு பிடி கபார் வாங்கிக்கொண்டு மதில் நிழலில் இருந்தோம். ஒரு கடதாசியில் அப்பாவுக்குப் பங்கு வைத்தாள். பிறகு ஒரு காயை எடுத்துக் கடித்தாள். நான் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கைக்கேல்லை" என்றாள். புளிப்பும் உப்பும்தான்.

"பரவாயில்லை, மாமா குறை நினைக்கமாட்டார்."

"அப்பாவுக்குக் காத்தோட்டியைக் கண்ணிலை காட்டேலாது. தன்ரை அப்பான்ரை விரதத்திலையே, அம்மா பாக்காத நேரம் எடுத்து என்ரை இலையிலை வைச்சிடுவார்."

சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். எந்த இடத்தில் அது அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. "இதெண்டால் அப்பா சாப்பிட்டிருப்பார்" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். கடைக்காரர் பதறி ஒரு குவளை தண்ணீர் கொண்டுவந்தார். எனக்கோ பெரிய நிம்மதி. அதை யாரிடம், எந்தப் பாஷையில் சொல்வது?

நான் கோப்பை கழுவிய உணவகம் இப்போது கைத்தொலைபேசி விற்கும் கடை. ஹபீப் எங்கே இருக்கிறான் என்று தெரியாது. நீலப் பத்திரம் போய், அந்த வரியும் போய், ஜெர்மன் கடவுச்சீட்டோடு ஊருக்கும் ஒருமுறை போய்வந்தோம். மாமா வீட்டு வேலி நின்ற இடத்தில் சீமெந்து மதில். அதில் ஏதாவது முளைத்திருக்கிறதா என்று அவள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

ஆனால் ஆடி அமாவாசைக்கு முதல்நாள் இங்கே தமிழ்க் கடைக்கே காத்தோட்டி விமானத்தில் வந்து இறங்குகிறது. தேட வேண்டியதில்லை. நன்றாகக் கைக்கிறது. எங்கள் இருவருடைய இலையிலும் அதைத்தான் வைப்பாள். அப்பாவின் பங்குக்கு மட்டும் போத்தல் காய்.