பிள்ளை கையில் கொடுத்துவிட்ட பொட்டலம்

ஞாயிறு காலை ஒன்பது இருபது. முதலில் கண்ணில் பட்டது ஓர் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில். அதைக் கையில் பிடித்தபடிதான் அந்த அம்மையார் காரிலிருந்து இறங்கினார். மதுரையிலிருந்து வந்த குழந்தை மனநல ஆலோசகர். எங்கள் ஒன்பது வயது மகள் யாரிடம் வளர்வது என்று எனக்கும் மனைவிக்கும் நடந்த வழக்கில், இருவருக்கும் சேராத ஆளாகக் குடும்ப நல நீதிமன்றம் அவரை நியமித்திருந்தது. இரண்டு வீடுகளையும் பார்த்து அவர் சொல்வதை வைத்து நீதிபதி முடிவு செய்வார்.

மனைவி போடிமெட்டுக்கு மேலே, ஏலத்தோட்டங்களுக்கு நடுவே உள்ள பள்ளியில் ஆசிரியை. மகள் படிப்பது அங்கேதான். சனி, ஞாயிறு மட்டும், தெரிந்த டிரைவரின் ஜீப்பில் போடிக்கு இறங்கி என்னிடம் வருவாள். அவளை முழுக்கக் கீழே கொண்டுவந்து இங்கே படிக்கவைக்க வேண்டும் என்பது என் மனு.

அண்ணன் குடும்பத்தோடு நான் இருக்கும் வீட்டில் அந்த வாரம் புதிய படிப்பு மேசை வந்திருந்தது. ஜன்னலுக்குத் திரை வந்திருந்தது. ஏலக்காய் வியாபாரம் செய்யும் அண்ணன் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"அப்படித்தான் தம்பி. ஏலத்துக்குத் தட்டுல காயை அப்படியேவா அள்ளி வைக்கிறோம்? மேல பொறுக்கி எடுத்த நல்ல காயாத் தெரியணும்ல."

நானும் சிரித்தேன்.

ஆலோசகர் மகளுடன் மாடியில் வெகுநேரம் பேசினார். பிறகு என்னிடம் வந்தார். நான் இருபது வருடம் நிருபராக இருந்தவன். கேள்வி கேட்டே பிழைத்தவன். அவர் கேட்ட கேள்விகளில் ஒன்றுதான் இப்போதும் நினைவில் நிற்கிறது.

"உங்க பொண்ணு எதுக்குப் பயப்படுவா?"

"எதுக்கும் பயப்பட மாட்டா மேடம். தைரியசாலி."

அவர் தலையசைத்துக் கொண்டார். மதினி கொண்டுவந்த காபியைத் தொடவில்லை. தன் பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்குக் குடித்தார்.

அண்ணன் என்னை அடுப்படிப் பக்கம் இழுத்தார். "என்னப்பா இது, பச்சத்தண்ணிகூட நம்ம வீட்டுல குடிக்க மாட்டாகளா?"

"எதுவும் வாங்கக் கூடாதுண்ணே. கோர்ட்டு ஆளு."

"கோர்ட்டு ஆளுன்னா? வீட்டுக்கு வந்தவுகள வெறுங்கையோடயா அனுப்புறது? போடிக்காரன்னு சொல்லிக்கிறதுக்கே அசிங்கம்."

எங்கள் ஊரில் இது வழக்கம். கேஸ் சிலிண்டர் போட வருபவர்கூட ஒரு கை ஏலக்காயோடுதான் திரும்புவார். அதே பொட்டலம் தீபாவளிக்குப் பத்திரிகை அலுவலகத்துக்கு வரும்போது வேறு பொருளாகிவிடும் என்பதும் எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஆலோசகர் கார் வரை போய்விட்டார். அண்ணன் உள்ளே போய், நல்ல பச்சைக் காயாகக் கட்டிய பொட்டலம் ஒன்றை எடுத்துவந்து மகள் கையில் வைத்தார்.

"வெரசா ஓடு ஆத்தா. அந்தம்மாட்ட குடுத்துட்டு வா."

நான் வாசல் கேட்டருகே நின்றிருந்தேன். அவள் என்னைத் தாண்டித்தான் ஓட வேண்டும். "கொண்டா இங்க" என்று சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. பிள்ளை கையால் கொடுத்தால் மறுக்க மாட்டார் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்குத் தெளிவாக ஞாபகம் இருக்கிறது.

ஆலோசகர் குனிந்து கேட்டார். "யாரும்மா குடுத்துவிட்டது?"

மகள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "யாரும் சொல்லல. நானாத்தான் எடுத்துட்டு வந்தேன்."

அவர் வாங்கிக்கொண்டார். கார் திரும்பியது.

"பாத்தியா தம்பி, வாங்கிட்டாகள்ல!" என்றார் அண்ணன். மதினி அவரைப் பார்த்து, "பெருசா சாதிச்சுட்டீக" என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன காபியை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த வாய்தாவில் நீதிபதி தன் அறையிலேயே எங்களை விசாரித்தார். மனைவி மலையிலிருந்து ஜீப்பில் இறங்கி வந்திருந்தாள். ஆலோசகர் பையைத் திறந்து பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். அறை முழுக்க மணந்தது.

"இது இந்த ஊர் வழக்கம்னு தெரியும். அம்மா வீட்டுலயும் ஒரு கை காய் எடுத்துட்டு வந்தாங்க. வேணாம்னேன், விட்டுட்டாங்க. குழந்தைகிட்ட அப்படிச் சொன்னா அவ வாடிப்போவா. அதான் வாங்கிட்டேன். எனக்குப் பொட்டலம் பெரிசில்ல. அவ அப்பா முகத்தைப் பாத்துட்டு ஒரு பொய் சொன்னா. கொஞ்சம்கூடத் தடுமாறல. இந்த வயசுல அப்பாவைக் காப்பாத்துற வேலை அவளுக்கு வேண்டாம்."

நீதிபதி என்னிடம் கேட்டார். "குழந்தைகிட்ட நீங்க குடுத்துவிட்டீங்களா?"

"இல்லைங்கய்யா."

"குடுத்ததைப் பாத்தீங்களா?"

என் செருப்பில் ஒரு வார் தையல் விட்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனைவி என் பக்கம் திரும்பவில்லை. ஆலோசகரிடம் மெதுவாகச் சொன்னாள்: "எங்கிட்டயும் அப்படித்தாங்க. சனிக்கிழமை இவரு நேரத்துக்கு வர மாட்டாரு. டிரைவரண்ணன் போன்ல பேசுவா. 'அப்பா வந்தாச்சா'ன்னு நான் கேட்டா, 'ஜீப்பு இப்பத்தாம்மா வந்துச்சு'ம்பா. ஜீப்பு வந்து முக்கால் மணி நேரம் ஆச்சுன்னு டிரைவரண்ணன் அப்புறம் சொல்வாரு."

அது எனக்குத் தெரியாது. தாமதமாகப் போனது தெரியும். எப்போது போனாலும் அவள் ஜீப்பின் முன்சீட்டில் கால்களை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "இப்பத்தாம்ப்பா வந்தேன்" என்பாள். நான் நம்பியிருக்கிறேன். தைரியசாலி என்று சொன்னது இவளைத்தான்.

மகள் தாயிடமே வளர வேண்டும், சனி ஞாயிறு பழையபடி தொடரலாம் என்று உத்தரவானது. வெளியே வந்ததும் எழுத்தர் என்னைக் கூப்பிட்டுப் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தார். கட்டிய நூல் கட்டியபடியே இருந்தது. பஸ் நிலையத்தில் யாரிடமாவது கொடுத்துவிட நினைத்தேன். எங்கள் ஊரில் வாங்கிக்கொள்ளாதவர் யாரும் இல்லை. ஆனால் யாரிடமும் நீட்டக் கை வரவில்லை. வீட்டுக்கே கொண்டுவந்து மதினியிடம் கொடுத்தேன். அவள் நூலை அவிழ்க்காமலே அலமாரியில் வைத்தாள்.

அந்தச் சனிக்கிழமை அரைமணி நேரம் முன்பே போய் ஜீப்பு நிற்கும் இடத்தில் நின்றேன். அன்று ஜீப்பு தாமதமாக வந்தது.