தடுப்புக்கு இந்தப் பக்கம்

செங்கம் சாலையிலிருந்து மலைப்பக்கமாகப் பிரியும் ஒரு தெருவில் எங்கள் வீடு. தெருவுக்கு ஒரே வாய்தான். பின்னால் மலை, முன்னால் சாலை. சாலையை அடைத்தால் தெருவில் இருக்கிற எல்லாக் குடும்பமும் உள்ளே அடைபட்டுவிடும். ஊருக்குப் புதிதாக வந்தவருக்குக்கூட இதை ஒரு நிமிடத்தில் விளக்கிவிடலாம். ஓட்டப்பந்தயம் நடத்தியவர்களுக்கு விளக்க எனக்கு ஒரு வருடம் ஆனது.

சாலை அடைப்பு எங்களுக்குப் புதிதல்ல. பௌர்ணமிதோறும் கிரிவலத்துக்கு அடைப்பார்கள், தீபத்துக்கு நாள் கணக்கில் அடைப்பார்கள். அதில் எங்களுக்குக் குறையில்லை. தேதி காலண்டரிலேயே இருக்கிறது. காஸ் சிலிண்டரை முன்னாலேயே வாங்கி வைத்துவிடுவோம், ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளைத் தள்ளிப்போடுவோம், வண்டிக்கு பாஸ் வாங்கிக்கொள்வோம். லட்சக்கணக்கான ஜனம் நடந்துவரும்போது கொஞ்சம் ஒதுங்கி நிற்பதுதான் இந்த ஊரில் வாழ்வதற்கான முறை. நான் சொல்ல வந்தது வேறு ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

என் நாத்தனார், என் கணவரின் தங்கை, கல்யாணம் சரிப்படாமல் மகளோடு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்திருந்தாள். பகலில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் நின்றுகொண்டே வேலை. வந்ததும் சமையல், குழந்தையின் வீட்டுப்பாடம். அதற்கு நடுவில் அரசு வேலைக்கான தேர்வுக்குப் படித்தாள். நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். வட்டியும் விகிதமும் வேலை நேரக் கணக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அரிசி களைகிற தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே நான் கேள்வியைக் கத்துவேன், அவள் விடையைக் கத்துவாள். முந்தைய முறை மிகக் கொஞ்சத்தில் போய்விட்டது. இந்த முறை அவள் தயாராக இருந்தாள். எத்தனையோ பிள்ளைகளைத் தேர்வுக்கு அனுப்பியிருக்கிறேன். யார் தயார், யார் தயாரில்லை என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் தெருமுனை மின்கம்பத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஞாயிறு காலை மாரத்தான், ஆறு மணி முதல் எட்டு மணி வரை செங்கம் சாலையில் போக்குவரத்துக்கு அனுமதியில்லை. அதோடு சரி. தெருவில் இருப்பவர்கள் எப்படி வெளியே போவது, யாரைக் கேட்பது என்று ஒரு வரி கிடையாது. நானும் நாத்தனாரும் அதன் முன்னால் நின்று கணக்குப் போட்டோம். தேர்வு நடக்கும் பள்ளி ஊரின் மறுகோடியில், வேங்கிக்கால் பக்கம். கேட்டை ஒன்பது மணிக்கு மூடுவார்கள். ஸ்கூட்டியில் போனால் இருபது நிமிடம். எட்டுக்குக் கிளம்பினாலே போதும்.

“எதுக்கும் ஏழரைக்கே முனையில போய் நின்னுக்கலாம் அண்ணி” என்றாள் அவள்.

அப்படியேதான் செய்தோம். என் கணவர் வாடகைக் கார் ஓட்டுபவர். அன்று சவாரியாகச் சென்னைக்குப் போயிருந்தார். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டோம். ஏழரைக்குத் தெருமுனைக்குப் போனபோது இரும்புத் தடுப்புகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். சாலை காலியாகக் கிடந்தது. ஒருவர்கூட ஓடவில்லை. டீ சர்ட் போட்ட கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர், ஒரு பெண் போலீஸ், அவ்வளவுதான்.

“இன்னும் ஸ்டார்ட் ஆவல அக்கா. கொடி அசைக்க வர வேண்டியவர் லேட்டு” என்றான் ஒருவன்.

ஆறு மணிக்குத் தொடங்க வேண்டியது ஏழரைக்கும் தொடங்கவில்லை. ஒரு பெரிய மனிதர் மெதுவாக எழுந்து, காபி குடித்து, கிளம்பி வருகிறவரைக்கும் எங்கள் தெரு பூட்டியே இருக்க வேண்டும்.

“அப்ப காலியாத்தானே இருக்கு? எங்கள விட்டுடுங்க. ரெண்டு நிமிஷத்துல போயிடுவோம். எக்ஸாம் இருக்கு” என்றேன்.

அவன் போலீஸ் அம்மாவைப் பார்த்தான். அவர் வயர்லெஸ்ஸைக் காட்டினார். “வண்டி எதையும் விடக் கூடாதுனு ஆர்டருங்க. பத்து நிமிஷம் இருங்க, கேட்டுச் சொல்றேன்.”

பத்து நிமிடம் இருந்தோம். முதல் கூட்டம் ஓடிவந்தது. கூட்டம் போனதும் திறந்துவிடுவதாகச் சொன்னார்கள். போனது. அடுத்து ஐந்து கிலோமீட்டர்க்காரர்கள் வருகிறார்கள், அவர்கள் போனதும் என்றார்கள். அவர்களும் போனார்கள். “இன்னும் பத்தே நிமிஷம் அக்கா.” இந்தப் பத்து நிமிடத்தைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. முதலிலேயே முகத்துக்கு நேராக, “முடியாது, ஒன்பது மணிவரைக்கும் திறக்க மாட்டோம்” என்று சொல்லியிருந்தால், ஏழரைக்கே ஸ்கூட்டியை விட்டுவிட்டு நடந்திருப்போம். நிதானமாக நடந்தாலும் போய்ச் சேர்ந்திருக்கலாம். அவர்களுக்கு எங்களைச் சமாளிக்க வேண்டியிருந்தது. அதற்குச் சுலபமான வழி பத்து நிமிடம்.

எட்டு இருபதுக்கு நாத்தனார் ஸ்கூட்டியிலிருந்து இறங்கினாள். “அண்ணி, இவங்க திறக்க மாட்டாங்க.” ஹால் டிக்கெட் இருந்த பிளாஸ்டிக் உறையைக் கையில் எடுத்துக்கொண்டாள். இரண்டு தடுப்புக்கு நடுவில் உடம்பை ஒருக்களித்து நுழைந்தாள். நான் வண்டியை டீக்கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவள் பின்னால் நுழைந்தேன்.

அடைப்பு முடிகிற இடம் இரண்டு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதுவரை ஆட்டோ கிடையாது. அவள் ஓட ஆரம்பித்தாள். நானும் ஓடினேன். அவள் சுடிதாரில், தோளில் துப்பட்டா, காலில் தோல் செருப்பு, நான் புடவையில். எங்களுக்கு முன்னும் பின்னும் ஷூ போட்டவர்கள் நெஞ்சில் எண் குத்திக்கொண்டு ஓடினார்கள். அவர்கள் முதுகில் அச்சடித்திருந்ததை அந்த இரண்டு கிலோமீட்டரும் நான் படித்துக்கொண்டே ஓடினேன்: ‘அவள் படிக்க நாம் ஓடுவோம்.’

பெண் கல்விக்கான ஓட்டம் அது. எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஓரத்தில் நின்றவர்கள் எங்களைப் பார்த்துக் கைதட்டினார்கள். ஆசிரமம் பக்கம் விடுதியில் தங்கியிருந்த வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர் உற்சாகமாக ஏதோ கத்தினார்கள். “சூப்பர் ஆன்ட்டி, விடாதீங்க!” என்று ஒரு பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். புடவையிலும் செருப்பிலும் பந்தயத்தில் கலந்துகொண்டவர்கள் என்று நினைத்துவிட்டார்கள். யாரோ செல்போனில் எங்களைப் படம் எடுத்தார்கள். நான் அந்தப் பெண்ணிடம், “எக்ஸாமுக்குப் போறோம், ஆட்டோ எங்க கிடைக்கும்?” என்று கத்தினேன். அவள் சிரித்துக்கொண்டே கட்டை விரலை உயர்த்தினாள். ஒலிபெருக்கிச் சத்தத்தில் நான் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை.

பாதி வழியில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. “நீ போ, நிக்காத” என்றேன். அவள் நின்று என் கையைப் பிடித்து இழுத்தாள். அதில் எத்தனை விநாடி போயிருக்கும் என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன்.

அடைப்பு முடிந்த இடத்தில் ஆட்டோ கிடைத்தது. ஆனால் செங்கம் சாலையில் வர வேண்டிய வண்டிகளையெல்லாம் ஊருக்குள் திருப்பிவிட்டிருந்ததால் ஊர் முழுக்க நெரிசல். ஆட்டோக்காரர் சந்து சந்தாகப் புகுந்து பார்த்தார். “இன்னிக்கு டிராஃபிக் ஜாஸ்திமா, நான் இன்னா பண்றது” என்று அவரே ஹாரனை அடித்து அடித்து ஓய்ந்துபோனார். பள்ளி வாசலில் இறங்கும்போது ஒன்பது நாலு.

கேட் பூட்டியிருந்தது.

உள்ளே நின்றிருந்தவர் கெட்டவர் இல்லை. கம்பி வழியாக ஹால் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். “ரோட அடைச்சிட்டாங்க சார், ஓடியே வந்தோம், பாருங்க இவளோட காலை” என்றேன். செருப்பு வார் அறுத்து அவள் குதிகாலில் ரத்தம் வந்திருந்தது. அவர் அதைப் பார்த்தார். “மணிக்கு மேல திறந்தா என் வேலை போயிடும்மா. உங்க ஒருத்தருக்குத் திறந்தா வெளிய நிக்கிற எல்லாருக்கும் திறக்கணும்” என்றார். எங்களைத் தவிர இன்னும் மூன்று பேர் அங்கே நின்றிருந்தார்கள். அதில் ஒருத்தி கைக்குழந்தையோடு கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்தவள். அவளும் அதே நெரிசலில் சிக்கியவள்தான்.

நான் கேட்டைப் பிடித்து ஆட்டினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பள்ளியில் பிள்ளைகள் சத்தம் போட்டால் வெளியே அனுப்புகிறவள், ஒரு பள்ளியின் கேட்டைப் பிடித்து ஆட்டி, வாய்க்கு வந்ததைப் பேசினேன். நாத்தனார்தான் என்னை இழுத்துப்போய் எதிரே இருந்த சிறு பாலத்துச் சுவரில் உட்கார வைத்தாள். அவள் அழவில்லை. வீட்டுக்குப் போகலாம் என்றதற்கும் வரவில்லை. “இருங்க அண்ணி” என்றாள்.

பன்னிரண்டரைக்குத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வெளியே வந்தார்கள். ஒரு பெண்ணிடம் வினாத்தாளைக் கேட்டு, செல்போனில் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து குழந்தைக்குச் சோறு போட்டாள். பிறகு ஒரு நோட்டில் ஒன்றிலிருந்து எழுத ஆரம்பித்தாள். மூன்று மணி நேரம். எழுந்திருக்கவே இல்லை. சில நாள் கழித்து விடைகள் வந்தபோது அவளே திருத்தினாள். எத்தனை என்று நான் கேட்டேன். நோட்டை மூடி அலமாரியில் வைத்தாள். “கணக்குல ஒண்ணுகூடத் தப்பில்ல அண்ணி” என்று மட்டும் சொன்னாள்.

அதன் பிறகுதான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. அந்த வாரமே ஓட்டத்தை நடத்திய குழுவின் தலைவரைத் தேடிப் போனேன். ஊரில் கடை வைத்திருப்பவர். மரியாதையாக உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். முழுக்கக் கேட்டுவிட்டு, “வருத்தமாத்தாங்க இருக்கு. ஆனா ஆயிரக்கணக்குல ஜனம் ஓடும்போது ஒருத்தர் ரெண்டு பேருக்குச் சிரமம் இருக்கத்தான் செய்யும்” என்றார்.

“ஒருத்தர் ரெண்டு பேர்னு எப்படிச் சொல்றீங்க? எங்க தெருவுல வந்து கேட்டீங்களா?”

“நோட்டீஸ் ஒட்டினோமேங்க.”

“எட்டு மணினு ஒட்டினீங்க. எட்டு மணிக்குத் திறந்தீங்களா?”

அவர் எழுந்து உள்ளே போய் ஒரு பையோடு வந்தார். அதில் ஒரு டீ சர்ட்டும் நாடா கோத்த பதக்கமும். “உங்க நாத்தனாருக்குக் கொடுங்க. அன்னைக்கு ஓடுனாங்களே.” அவர் கேலி செய்யவில்லை. மனதாரத்தான் கொடுத்தார். அதனால்தான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பையை அவர் மேசை மேலேயே வைத்துவிட்டு வந்தேன். டீயையும் குடிக்கவில்லை.

மறுநாளிலிருந்து பள்ளி விட்டு வந்ததும் எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் வீடு வீடாகப் போனேன். ஒருத்தர் ரெண்டு பேர் என்றாரே. டயாலிசிஸுக்குப் போக வேண்டியவர் இருந்தார். விடுதியில் ரூம் சுத்தம் செய்யும் பெண் லேட்டாகப் போய் அன்றைக்குத் திருப்பி அனுப்பப்பட்டிருந்தாள். பூக்கட்டி விற்பவர் அந்தக் காலைப் பூவையெல்லாம் குப்பையில் கொட்டியிருந்தார். “யார்கிட்ட சொல்றதுனு தெரியல டீச்சர்” என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். கையெழுத்து வாங்கினேன். நோட்டீஸ் ஒரு வாரம் முன்னால் வர வேண்டும், ஒவ்வொரு தெருமுனையிலும் ஒரு வழி விட வேண்டும், சொன்ன நேரத்துக்குத் திறக்க வேண்டும், கேட்பதற்கு ஒரு போன் நம்பர் வேண்டும் என்று எழுதி, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கும் இடத்தில் வரிசையில் நின்று கொடுத்தேன். பதில் வரவில்லை. மறுபடி கொடுத்தேன். மூன்றாம் முறை கொடுக்கப் போனபோது என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார்கள்.

அடுத்த வருடம் வழி விட்டார்கள். தெருமுனையில் இரண்டு தடுப்புக்கு நடுவே ஒரு கயிறு, அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண். ஓடுகிறவர்கள் குறைகிற நேரம் பார்த்துக் கயிற்றை இறக்குவாள். வண்டிகள் குறுக்கே கடந்து, எதிர்ப்பக்கம் வண்டிகளுக்கு விட்டிருந்த பாதிச் சாலையில் ஊருக்குள் போகும். நான் காலை ஐந்தரையிலிருந்து அங்கேயே நின்று பார்த்தேன். ஒரு கர்ப்பிணி ஆட்டோவில் போனாள், பால் வண்டி வந்தது, எந்த ஓட்டக்காரனும் விழவில்லை. ஒரு கயிறு, அதைப் பிடிக்க ஒரு ஆள். இவ்வளவுதான் தேவைப்பட்டது. மேடையில் என்னைக் கூப்பிட்டுச் சால்வை போடப்போவதாகத் தலைவர் ஆள் அனுப்பினார். வர முடியாது என்று சொல்லி அனுப்பினேன்.

நாத்தனார் அந்தத் தேர்வை மறுபடி எழுதினாள். நடுவில் ஃபேன்சி ஸ்டோரில் வேலை நேரத்தைக் கூட்டியிருந்தார்கள், குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போனது, படிப்பு முன்புபோல் ஓடவில்லை. இந்த முறை கேட் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் நின்றோம். வெளியே வந்தவளின் முகத்தைப் பார்த்தேன். தயாராக இல்லாமல் எழுதிய முகம். கிடைக்கவில்லை.

இப்போது மறுபடியும் படிக்கிறாள். போன மாதம் இந்த வருடத்து நோட்டீஸ் வீட்டுக்கே வந்தது. கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். நேரம், வழி, போன் நம்பர் எல்லாம் இருந்தது. நாத்தனார் அதை வாங்கிப் படித்துவிட்டு அந்த நம்பருக்குப் போன் செய்தாள். எதிர்முனையில் யாரோ எடுத்ததும், “ஒண்ணுமில்லைங்க, எடுக்கிறீங்களானு பாத்தேன்” என்று சொல்லி வைத்துவிட்டு, அடுப்பில் பொங்கிய பாலை இறக்கப் போனாள்.