லீவில் வந்திருப்பவர்கள்

இராஜபாளையத்தில் எங்கள் சர்ச்சுக்குப் பின்னாலிருந்த சிறிய அறையில், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நாங்கள் மூன்று பேர் கூடுவோம். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற அண்ணாச்சி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்திய தோழி, லேபில் வேலை பார்த்த நான். ரத்தம் கொடுக்கச் சம்மதித்தவர்களின் பட்டியல் அண்ணாச்சியிடம் ஒரு நீள நோட்டில் இருந்தது. பெயர்கள் பெருகப் பெருக, அவசரத்துக்கு ஆளைத் தேடி எடுப்பது பெரும்பாடாகிவிட்டது. கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம். எந்த சாஃப்ட்வேரில் என்பதில்தான் இழுபறி.

மதுரையிலிருந்து ஒருவர் வந்து தங்கள் கம்பெனியின் சாஃப்ட்வேரை ஓட்டிக் காட்டினார். எனக்கு அதை வாங்கிவிட ஆசை. பழுதானால் போன் போட்டுக் கேட்க ஓர் ஆள் இருப்பாரே. தோழி இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைத்த ஒன்றை இறக்கி வைத்திருந்தாள். அண்ணாச்சிக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. அவளே புதிதாக எழுதித் தர வேண்டும் என்றார். அதற்கு ஒரு வருஷம் ஆகும் என்றாள் அவள். மூன்று ஞாயிறுகள் இப்படியே போயின. கோபத்தில் நான் ஒரு வாரம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

திரும்பப் போனபோது அண்ணாச்சி நோட்டைத் திறந்து, சில பெயர்களைச் சுற்றிப் பென்சிலால் போட்டிருந்த வட்டங்களைக் காட்டினார்.

“நம்ம ஆளுகள்ல பாதிப் பேரு பட்டாளத்துல இருக்கான். லீவுல வந்திருக்கானான்னு தெரியாம குரூப்பை மட்டும் வச்சுக்கிட்டு என்ன செய்ய தாயி? இந்த வட்டத்தை உங்க கம்ப்யூட்டர் காட்டுமா?”

மதுரைக்காரரைக் கேட்டேன். எங்களுக்காக அதை மாற்ற முடியாது என்றார். இலவசமாகக் கிடைத்ததை யாரும் திருத்திக்கொள்ளலாம். இரண்டே வாரத்தில் தோழி அதில் ‘லீவில் வந்திருக்கிறார்’ என்று தமிழிலேயே ஒரு கட்டம் சேர்த்துவிட்டாள். வாராவாரம் வீடு வீடாகப் போன் போட்டு விசாரித்து, அண்ணாச்சி ஒற்றை விரலால் அதை நிரப்பினார்.

அந்த ஐப்பசியில் ஒரு மத்தியானம் தோழி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தாள். அவளோடு வேலை பார்த்த பெண்ணுக்குப் பிரசவம், ரத்தப்போக்கு நிற்கவில்லை, ஓ நெகட்டிவ் வேண்டும். பட்டியலில் அந்த வகை நான்கே பேர். மூவர் வடக்கே வேலையில் இருந்தார்கள். சோழபுரத்துக்காரர் ஒருவருக்கு மட்டும் கட்டம் நிரம்பியிருந்தது. அண்ணாச்சி கூப்பிட்டபோது அவர் வயலில் நின்றிருந்தார்.

“காலைக் கழுவிட்டு இந்தா வாரேன் அண்ணாச்சி.”

சேறு காயாத வேட்டியோடு அவர் பைக்கில் வந்து இறங்கியதைப் பார்த்ததும் தோழி அழுதுவிட்டாளாம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

இப்போது இதெல்லாம் வாட்ஸ்அப் குழுவில் நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. நல்லதுதான். அண்ணாச்சி மகனோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். அந்த அறையில் ஞாயிறு பள்ளி நடக்கிறது. ஆராதனை முடிந்தால் என் கால் மட்டும் இன்னும் தானாக அங்கே திரும்புகிறது.

போன மாதம் தோழி புது லேப்டாப் வாங்கினாள். பழைய புரோகிராமை அதிலும் ஏற்றி வைத்திருக்கிறாளாம். எதற்கென்று கேட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரச் சொன்னாள்.