கப்டனுக்கு நண்டுக் கறி

அக்கா எனக்குத் தந்த நேரம் பின்னேரம் நாலு மணி வரை. கொழும்பிலுள்ள ஒரு கணினி நிறுவனம் அவளுக்கு வேலை தருவதாக எழுதியிருந்தது. வீட்டிலிருந்தே செய்யலாம், மாதச் சம்பளம். அந்த வியாழக்கிழமை நாலு மணிக்குள் ஓமா இல்லையா என்று பதில் போட வேண்டும். ஓம் என்றால், நாங்கள் இருவரும் முன் அறையில் ஒரு வருடமாகக் கட்டிய செயலி அன்றோடு சரி.

செயலி, சிறிய வாடகை விமானக் கம்பனிகளுக்கானது. ஒன்றிரண்டு விமானங்களை வைத்துச் சுற்றுலாக்காரரை ஏற்றி இறக்குபவர்கள், யார் எப்போது எங்கே பறக்கிறார் என்ற பயணப் பதிவுகளை அதில் போட்டுப் பார்க்கலாம். எழுதியது அக்கா. பேசுவது என் வேலை. எங்கள் இருவரில் விமானத்தில் ஏறியவர் யாருமில்லை. அது ஒரு குறையாக அப்போது எனக்குப் படவில்லை.

எதையும் கட்டுவதற்கு முன் அதைப் பாவிக்கப்போகிறவர்களிடம் போய்க் கேட்க வேண்டும் என்று அக்கா எங்கோ படித்தாள். படித்தது கட்டி முடித்த பிறகு. சரி, இப்போதாவது கேட்போம் என்று நான் கம்பனிகளைத் தேடத் தொடங்கினேன். இணையத்தில் அவர்களுடைய விமானங்கள் பளபளவென்று நின்றன. தொலைபேசியைச் சுழற்றினால் ஒன்றில் புடவைக்கடை பேசியது. இன்னொரு கம்பனியின் தலைமை அலுவலகம் ஒரு பல் வைத்தியரின் கிளினிக். அவர்தான் முதலாளி. பல் பிடுங்கும் இடைவேளையில் பத்து நிமிடம் தந்தார். இப்படி ஏழு பேரைப் பிடித்தேன். ஏழு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "நல்ல விசயம் தம்பி, செய்யுங்க."

நான் துள்ளிக்கொண்டு வந்தேன். அக்கா தலையில் கை வைத்தாள்.

"டேய், நீ என்ன கேட்ட?"

"நாங்க இப்பிடி ஒண்டு செஞ்சிரிக்கம், எப்பிடி இரிக்கு எண்டு கேட்டன்."

"பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டி வடிவா இரிக்கா எண்டு கேட்டா, ஆருடா இல்லையெண்டு சொல்லுவான்? என்ன செஞ்சிரிக்கம் எண்டு வாயே திறக்காத. போனமுறை என்ன பிரச்சினை வந்த, அப்ப என்ன செஞ்சீங்க எண்டு மட்டும் கேளு. மறுகா வாயைப் பொத்திக்கொண்டு இரி."

கடைசி நிபந்தனைதான் கடினம். நான் பல் வைத்தியரின் நாற்காலியிலேயே பேசிக்கொண்டிருந்தவன்.

அதே வியாழக்கிழமைக்கு எட்டாவது ஆள் கிடைத்தார். அத்தான், அதாவது அக்காவின் புருசன், வேன் ஓடுகிறவர். கொழும்பிலிருந்து சிறு விமானத்தில் நாலு வெள்ளைக்காரர் வருகிறார்கள், அவர்களை உன்னிச்சைக் குளத்துக்குப் பறவை பார்க்கக் கூட்டிப்போய் மூன்று மணிக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று அவருக்கு ஓட்டம் கிடைத்தது. விமானத்தின் சொந்தக்காரரே ஓட்டியும் வருவாராம். கொழும்புத் தமிழர். மூன்று மணி வரை அவருக்குச் செய்ய ஒன்றுமில்லை.

"இவர் ஒரு ஆளாவது தானா வாயைத் திறந்து, இதுதான் என்ட தலையிடி எண்டு சொல்லட்டும். அது நாங்க செஞ்சதா இரிக்கட்டும். நான் வேலையை வேணாமெண்டுறன்" என்றாள் அக்கா.

இங்கேதான் நான் அந்தப் பிழையைச் செய்தேன். கொழும்புக்காரன் என்றால் ஒரு கேள்விக் கொத்தோடு போயிருப்பான். மட்டக்களப்பான் வெளியூர் ஆளிடம் வெறுங்கையோடு போவானா? விடியவே போய் வாவி நண்டு வாங்கினேன். உறைப்பாகக் கறி வைத்து, சோறும் கட்டித் தயிரும் கட்டிக்கொண்டு போனேன்.

விமான நிலைய வாசலுக்குச் சற்றுத் தள்ளி இருந்த தேத்தண்ணிக் கடையில், அத்தான் சொல்லிவைத்தபடி, கப்டன் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். தோளில் பொன் கோடுகள் போட்ட தூய வெள்ளைச் சட்டை. அந்தச் சட்டையைக் கண்டதும்தான் நண்டைக் கொண்டுவந்தது எவ்வளவு பெரிய மடைத்தனம் என்று விளங்கியது. அவரோ மணத்திலேயே விழுந்துவிட்டார். சட்டைக் கைகள் இரண்டையும் முழங்கை வரை மடித்து, கடைக்காரர் தந்த பழைய பேப்பரை நெஞ்சில் செருகிக்கொண்டு, காலை உடைக்கத் தொடங்கினார். நண்டின் காலைத்தான்.

"கேளுங்க தம்பி, என்ன கேக்கணும்?"

வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து என் தொலைபேசி அடித்தது. அத்தான்.

"டேய், இஞ்ச சிக்கல். வெள்ளைக்காரர் ஏதோ கொக்கைக் கண்டுட்டு வரமாட்டம் எண்டு நிண்டிட்டாங்க. இப்பதான் ஏத்தின. இந்த வயல் வட்டைக்குள்ள இருந்து ஒரு நெல்லு வெட்டு மெசின் றோட்டில ஏறி, குறுக்கால நிண்டுட்டு. மற்றப்பக்கம் முழுக்க நெல்லுக் காயப் போட்டிரிக்கான். மூணு மணிக்கு வரேலாது. நாலாகும், அங்கால போனாலும் போகும். கப்டனுக்குச் சொல்லு, கெதியா!"

சொன்னேன். கப்டன் கையில் இருந்த நண்டு அப்படியே நின்றது. நாலரைக்குள் மேலே ஏறாவிட்டால் இருட்டுவதற்கு முன் கொழும்பில் இறங்க முடியாது என்றார். இறங்க முடியாவிட்டால் நாலு பேரும் இன்றிரவு இங்கேதான். அவர்களுக்கு நள்ளிரவில் கட்டுநாயக்காவில் ஊர் திரும்பும் பெரிய விமானம் இருந்தது. 

கை கழுவ எழும்பினார். குழாயில் தண்ணீர் இல்லை.

"சுடுதண்ணிதான் இரிக்கு சேர், ஊத்தவா?" என்று கேத்திலைத் தூக்கிக் காட்டினார் கடைக்காரர்.

கப்டன் என்னைப் பார்த்தார். "தம்பி, சேர்ட் பொக்கெட்ல போன் இருக்கு. எடுங்க. நான் சொல்ற ஆளுக்கு அடிச்சு என் காதுல வைங்க."

பரிமாறியதில் என் கையும் கறிதான். இரண்டு விரலை இடுப்புச் சாரத்தில் துடைத்து, அவற்றால் தொலைபேசியை எடுத்து, மூக்குத் துவாரத்துக்கும் காதுக்கும் நடுவில் எங்கோ பிடித்தேன். முதலில் இங்குள்ள கட்டுப்பாட்டுக் கோபுரம். பிறகு கொழும்பில் இறங்குமிடம். பிறகு அவருடைய மனைவி. எரிபொருள்காரர். அங்கே விருந்தாளிகளை ஏற்ற நிற்கும் கார்க்காரர். விமானக் கொட்டகையைப் பூட்டக் காத்திருக்கும் மெக்கானிக். ஆறு பேருக்கும் ஒரே வசனம்: வேன் பிந்துது, நாலுக்கு மேலே ஆகும், திரும்பச் சொல்றேன். எரிபொருள்காரர் எடுக்கவில்லை. திரும்ப அடித்தோம். மனைவி ஏன் என்று கேட்டார். வெட்டு மெசினை விளக்க வேண்டியிருந்தது. பத்து நிமிடம் கழித்து அத்தான் மறுபடி எடுத்து நாலே காலாகும் என்றார். ஆறு பேரையும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம்.

நான் ஒரு சொல்லும் பேசவில்லை. நல்ல பிள்ளை என்பதால் அல்ல. அவர் சட்டையில் குழம்பு சிந்திவிடக் கூடாதென்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது சுற்று முடிந்ததும் கப்டன் தானாகவே சொன்னார். "பறக்கிறது பிரச்சினையே இல்ல தம்பி. ஒரே கதைய ஆறு பேருக்குச் சொல்றதுதான் சீவன் போற வேலை."

அக்கா சொன்ன கேள்வியைக் கேட்டேன். "போனமுறை இப்பிடி வந்தநேரம் என்ன செஞ்சீங்க?"

"போன மாசம் ஒரு ஆள விட்டுட்டேன். கார்க்காரனுக்குச் சொல்லல. அவன் பாத்துட்டுப் போயிட்டான். வயசாளி ரெண்டு பேர் மழைக்குள்ள பெட்டியோட நின்னாங்க. அந்த ஹோட்டல் அதோட எனக்கு ஆள் அனுப்புறதில்ல."

அதற்குப் பிறகு நான் வாயைப் பொத்தியிருக்க வேண்டும். முடியுமா? செயலியைத் திறந்து, பதிவுப் பக்கத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

கழுத்தை நீட்டிப் பார்த்தார். "பயணப் பதிவா? மாசம் எட்டோ பத்தோதான் ஓடுறேன். அதெல்லாம் மனுசிக்கு மனப்பாடம்." பிறகு என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "ஆனா நல்ல விசயம் தம்பி. செய்யுங்க."

அப்போது மணி மூன்றே முக்கால். வெளியே போய் ஒரு வேப்பமரத்தின் கீழ் நின்று அக்காவுக்கு எடுத்தேன். முதல் அடியிலேயே எடுத்தாள்.

"சொல்லு."

இதுவரை என் வாயில் பொய் இல்லாமல் ஒரு கதையும் வந்ததில்லை. வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும், அதற்குத் தகுந்தபடி கழித்துத்தான் கேட்பார்கள். அன்று ஒரு பொய்கூடத் தேவைப்படவில்லை. நடந்ததில் பாதியைச் சொன்னாலே போதும்: கப்டன் தானாக வாயைத் திறந்தார், தலையிடி என்றார், எங்கள் செயலியைப் பார்த்து நல்ல விசயம் என்றார். ஒவ்வொரு சொல்லும் உண்மை. அவள் வேலையை வேண்டாமென்று விடுவாள். முன் அறை அப்படியே இருக்கும். நான் தினமும் அங்கே போய் உட்கார்ந்து அவளைச் சிரிக்க வைப்பேன்.

"டேய், இரிக்கியா?"

"இரிக்கன். அக்கா, அவருக்குத் தலையிடி ஒண்டு இரிக்கு. ஆனா அது நாங்க செஞ்சது இல்ல."

எல்லாவற்றையும் சொன்னேன். நண்டைப் பற்றியும். அவள் சிரிக்கவில்லை.

"எங்கடதைக் காட்டினியா?"

"காட்டினன்."

"பார்த்தாரா?"

"மனுசிக்கு மனப்பாடமாம்."

"சரி, வை" என்றாள்.

நாலு மணி எனக்குத் தெரியாமலே கடந்தது. நாலு பத்துக்கு அத்தானின் வேன் நெல் உமியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. வெள்ளைக்காரர்கள் பெட்டிகளோடு ஓடினார்கள். கப்டன் கடைக்காரரின் சுடுதண்ணீரில் கையை நனைத்து, ஐயோ என்று உதறி, எனக்குத் தலையசைத்துவிட்டு அவர்களுக்குப் பின்னால் ஓடினார். சட்டை வெள்ளையாகவே இருந்தது. நாலரைக்குச் சில நிமிடம் இருக்க, விமானம் வாவிக்கு மேலே எழும்பித் திரும்பியது. அத்தான் கைதட்டினார். நான் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது அடிக்கவில்லை.

வீட்டுக்குப் போனபோது அக்கா முன் அறையில் கணினிக்கு முன்னால் இருந்தாள். கேட்க வாய் வரவில்லை. எனக்கு!

"ஓம் எண்டு போட்டுட்டன்" என்றாள் திரும்பாமல்.

"ம்."

"அவர்ர பிரச்சினை நல்ல பிரச்சினைதான். ஆனா முதல்ல இருந்து துவங்க இன்னொரு வருசம் வேணும். என்னட்ட அது இல்லடா."

"தெரியும்."

"நீ பாதியச் சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பன்."

"அதுவும் தெரியும்."

அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். கதிரையை விட்டு எழும்பி, என்னை அதில் உட்காரச் சொன்னாள். திரையில் எங்கள் செயலியின் கோப்புறை திறந்திருந்தது.

"எழுதினது நான். அழிக்கிறதையாவது நீ செய்."

ஒரு வருடத்தில் அந்தக் கதிரையில் நான் உட்கார்ந்தது அன்றுதான். விரலை வைத்துப் பார்த்தேன். எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை.

"இதையும் நானா காட்டணும், விசரா" என்று அக்கா என் தோளுக்கு மேலால் குனிந்தாள்.