சத்தமில்லாத காருக்குக் கட்டிய மணி

பேய், முனி, காத்துக்கருப்பு என்று யாராவது என்னிடம் பேச்செடுத்தால் நான் முதலில் கேட்பது, அந்த இடத்தில் வயர் எப்படிப் போகிறது என்பதைத்தான். தலவாக்கலையில் ரேடியோ, ஃபேன், மோட்டர் திருத்தும் கடை வைத்திருப்பவன் நான். ஒரு தோட்டத்து லயத்தில் ஆளில்லாத காம்பிரா அறையில் ரேடியோ தானாகப் பாடுகிறது என்று வாசலில் எலுமிச்சம்பழம் வெட்டி வைத்திருந்தார்கள். போய்ப் பார்த்தால் சுவிட்சுக்குள் பல்லி செத்துக் கிடந்தது. கோயிலில் சாமி இறங்குகிறபோது விளக்கு மங்குகிறது என்று கும்பிட்டவர்களிடம், ஒரே வயரில் இவ்வளவு பல்ப் மாட்டினால் மங்காமல் என்ன செய்யும் என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவன். இப்படிப்பட்ட ஆள் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், கோபிக்க மாட்டேன். வேறு யாராவது இதை என்னிடம் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

இப்போது என்னிடம் இருப்பது பிளக்கில் மாட்டி சார்ஜ் ஏற்றுகிற ஹைபிரிட் கார். ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்தது. இதற்கு முன்னால் இருந்ததும் ஹைபிரிட்தான், அதுவும் பழையதுதான், ஆனால் பிளக் கிடையாது, ஓடும்போது தானே பெட்டரியை நிரப்பிக்கொள்ளும். கொழும்பில் கார் இறக்குகிற மச்சான் தலையில் கட்டிவிட்டது. வடக்கில் சண்டை முடியாத கடைசிக் காலம் அது. எங்கள் பக்கத்தில் அப்படியொரு காரை யாரும் பார்த்ததில்லை. சாவியைத் திருகும் வேலை இல்லை, பட்டனை அமுக்கினால் ஒரு பச்சை விளக்கு எரியும், ஜப்பான்காரி ஒருத்தி உள்ளே இருந்து என்னவோ சொல்வாள், அவ்வளவுதான், கார் தயார். உறுமல் இல்லை, நடுக்கம் இல்லை. ஏற்றத்தில் மட்டும் என்ஜின் எழும்பும். இறக்கத்தில் விட்டால் பெட்டரியில் வழுக்கிக்கொண்டு போகும், நமக்கே வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று சந்தேகம் வரும்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் மனைவி சரசுவுக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகவில்லை. காரணம் எங்கள் மகள் சுகி.

சுகிக்கு அப்போது பதினொரு வயது. அவளுக்கு மாலைக்கண். பகலில் எல்லோரையும் போல இருப்பாள், பொழுது சாய்ந்தால் கண் கட்டிவிட்டது போலாகிவிடும். கண்டி வரைக்கும் காட்டிவிட்டோம், கண்ணாடியாலும் மருந்தாலும் தீராது என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் அவளுக்குக் காது இருந்தது. தோட்டத்து லொறியா, பஸ்ஸா, டிராக்டரா என்று வளைவுக்கு அப்பால் வரும்போதே சொல்லிவிடுவாள். சத்தத்தைக் கேட்டு ஓரத்தில் ஒதுங்கி நின்று, அது கடந்த பிறகு நடப்பாள். அப்படித்தான் அவள் அந்த ரோட்டில் உயிரோடு நடமாடினாள். அவள் காதுக்குப் பிடிபடாத ஒரே வண்டியைத் தேடிப் பிடித்து வாங்கிவந்தவன் அவளைப் பெற்றவன்.

வாங்கிய சில நாளிலேயே வீட்டு வாசலுக்கு முன்னால் ஒரு சம்பவம் நடந்தது. மம்மல் நேரம், பொழுது சாய்ந்துவிட்டது, அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டில் நிற்கிறாள், நான் பின்னால் வந்து நிற்பது அவளுக்குத் தெரியவே இல்லை. ஹோனை அமுக்கினேன். அலறிக்கொண்டு விழுந்தாள். முழங்காலில் தோல் பெயர்ந்துவிட்டது. சரசுதான் தூக்கிப்போய் மருந்து போட்டாள். மறுநாள் காலையில் பால்கார சின்னையா வீட்டுக்குப் போய் ஒரு மாட்டு மணியை வாங்கிவந்தாள். அந்த மாடு முந்தின வருடமே செத்துப்போய், மணி மட்டும் தொழுவத்து ஆணியில் தொங்கிக் கிடந்ததாம்.

"இங்க பாருங்க, இத கட்டினாத்தான் இந்த வண்டி இந்த வாசல்ல நிக்கும். இல்லாட்டி எங்கண்ணன்கிட்டயே கொண்டு போய்க் குடுத்துடுங்க" என்றாள்.

கட்டினேன். முன்பக்க கிரில்லுக்குப் பின்னால், ஹோனுக்குப் பக்கத்தில், வயர் சுற்றி இறுக்கினேன். ஜப்பான் கார் ஜல் ஜல் என்று தலவாக்கலை டவுனுக்குள் போனால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். "என்ன அண்ணே, பால் எத்தனை மணிக்குக் கறக்கும்?" என்று பஸ் ஸ்டாண்டில் நின்று கத்துவார்கள். மானம் போனாலும் நான் அதைக் கழற்றவில்லை. சுகிக்கு அந்தச் சத்தம் அவ்வளவு பிடித்துப்போய்விட்டது. வளைவிலேயே கேட்டுவிட்டு, "அம்மா, அப்பா வந்தாச்சு" என்று கேட்டைத் திறப்பாள்.

அன்றைக்கு நடந்த விஷயத்துக்கு வருகிறேன். சுகி பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு டீச்சர் வீட்டில் டியூஷன் படித்தாள். வழக்கமாகச் சரசுதான் போய்க் கூட்டிவருவாள். அன்று நான் ஹட்டனுக்குச் சாமான் எடுக்கப் போகிறபோது, "வரும்போது நானே புள்ளைய ஏத்திட்டு வந்துடுறேன், நீ அலையாத" என்று சொல்லிவிட்டுப் போனேன். வெளிச்சம் இருக்கும்போதே திரும்பியிருப்பேன். வழியில் ஒரு செக் பொயின்டில் மறித்துவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர் இருந்தால் எப்படி என்று நான் சொல்லத் தேவையில்லை. அதற்கு மேல் என்னுடைய கார். காவலுக்கு நின்ற இளம் பொலிஸ்காரன் என்ஜினை நிறுத்தச் சொன்னான். "நிறுத்தித்தான் சேர் இருக்கு" என்று சிங்களத்தில் சொன்னேன். அப்படியானால் பச்சை விளக்கு ஏன் எரிகிறது என்றான். விளக்கப் போனேன், அது இன்னும் மோசமாகிவிட்டது, சத்தமில்லாமல் ஓடுகிற கார் என்று என் வாயாலேயே சொல்லிவிட்டேன் அல்லவா. டோர்ச் அடித்துச் சுற்றி வந்தவன் முன்னால் குனிந்து பார்த்துவிட்டு, "மேக்க மொகத்த?" என்று கத்தினான். இது என்ன என்கிறான். கிரில்லுக்குப் பின்னால் வயர் சுற்றிய ஒரு உலோகச் சாமான். எல்லோரும் பின்வாங்கி நின்றார்கள். மாட்டு மணி என்றேன். காருக்கு எதற்கு மாட்டு மணி என்றார்கள். மகளுக்குப் பொழுது சாய்ந்தால் கண் தெரியாது என்றேன். அந்த நேரத்தில் அந்தப் பதில் எனக்கே பொய் போலத்தான் இருந்தது.

வயதான ஒரு சார்ஜன்ட் வந்துதான் தப்பினேன். கையை விட்டு மணியை ஆட்டிப் பார்த்துச் சிரித்தார். ஆனாலும் கழற்றச் சொன்னார். என்னுடைய டூல்ஸ் பெட்டியிலிருந்த பிளையரை எடுத்து அந்த இளையவன்தான் வயரை வெட்டினான். மணியை மேசையில், தாள்கள் பறக்காமல் இருக்கப் பாரமாக வைத்தார்கள். போ என்றார்கள். பிளையரைக் கேட்கவில்லை, மணியைக் கேட்கவில்லை, பட்டனை அமுக்கிப் புறப்பட்டுவிட்டேன்.

முதல் வளைவில் ஹோனை அமுக்கினேன். சத்தம் வரவில்லை. மடையன் மணி வயரோடு சேர்த்து ஹோன் வயரையும் வெட்டியிருக்கிறான். கடையே வைத்திருப்பவனிடம் ஒரு பிளையர் இல்லை, வெளியே கைக்கெட்டும் தூரம் தெரியாத மூட்டம், இருட்டிக்கொண்டும் வருகிறது. என்ஜினாவது ஓடட்டும் என்று ஹீட்டரைப் போட்டேன். என்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்ததால் அதற்கும் எழும்பவில்லை. அந்த மேட்டைத் தாண்டினால் எங்கள் வீடு வரைக்கும் இறக்கம்தான். ஊமை வண்டி, ஊமை ரோடு. என் மூச்சு எனக்குக் கேட்டது.

டீச்சர் வீட்டைக் கடக்கும்போது பார்த்தேன், முன் விளக்கு எரியவில்லை. நான் வரப் பிந்தியதால் சரசு வந்து கூட்டிப்போயிருப்பாள் என்று நினைத்தேன். மனது கொஞ்சம் லேசானது. கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாகத்தான் பாலத்தில் ஏறினேன். வெள்ளைக்காரன் காலத்து இரும்புப் பாலம், ஒரு வண்டி மட்டும் போகலாம், நடக்கிறவர்களுக்குத் தனி இடம் கிடையாது. கண்ணாடி திறந்திருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே ஆற்றுச் சத்தம் கேட்டது. நடுப்பாலத்தில் இடது பக்கம் சர்ரென்று ஏதோ உரசியது. மரக்கிளை என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். வேறு எதுவும் எனக்குக் கேட்கவில்லை, சத்தியமாகக் கேட்கவில்லை.

சரசு கேட்டைத் திறந்து வெளியே வந்தாள். காருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"புள்ள எங்க?"

"நீ கூட்டிட்டு வரலியா?"

"நீங்கதானே ஏத்திட்டு வாரேன்னு சொன்னீங்க?"

நான் இறங்கி இடது பக்கம் போனேன். பக்கக் கண்ணாடியில் கறுப்புத் துணி ஒன்று கிழிந்து தொங்கியது, அதில் ஒரு குடைக்கம்பி. பாலத்தில் ஏது மரக்கிளை? எனக்கு அப்போதுதான் உறைத்தது. சரசுவும் அதைப் பார்த்துவிட்டாள். சுகியின் குடை அது. சரசு தலையில் அடித்துக்கொண்டு கத்திய கத்தலை இன்று வரைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. நான் ஓடினேன். காரை எடுக்கத் தோன்றவில்லை, எடுக்கவும் கை வந்திருக்காது. ஏற்றத்தில் ஓடுகிறேன், என் பிள்ளையை நானே அடித்துவிட்டேன், ஆற்றில் தள்ளிவிட்டேன் என்பது தவிர மண்டைக்குள் ஒன்றும் இல்லை. கும்பிட்டுப் பழக்கமில்லாத வாயால் என்னென்னவோ சாமியையெல்லாம் கூப்பிட்டேன்.

பாலத்தின் இந்தப் பக்க முனையில் ஒரு சின்ன உருவம் கம்பியைத் தடவித் தடவி வந்துகொண்டிருந்தது. கையில் பாதிக் குடை.

"அப்பாவா? ஏம்ப்பா நிக்காமப் போனீங்க? நான் கம்பியோட ஒட்டிக்கிட்டு நின்னேனே" என்றாள். கோபமாகத்தான் கேட்டாள். நான் ரோட்டிலேயே உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். வெட்கமெல்லாம் இல்லை.

வீட்டில் வைத்து விசாரித்தோம். டீச்சர் அவளைக் கேட் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டு உள்ளே போயிருக்கிறார், அப்பா வருவார் என்று இவள் சொன்னதால். காத்திருந்து பார்த்துவிட்டு இவளாகவே நடந்திருக்கிறாள். பாலத்தின் நடுவில் இடது கம்பி கொஞ்ச தூரத்துக்கு உடைந்திருக்கும். அந்த இடம் வந்ததும் வலது பக்கம் மாறப் போயிருக்கிறாள்.

"அப்பதான் மணி கேட்டுச்சு. அப்பா வாரார்னு ஓடிப்போய்ப் பழைய பக்கமே ஒட்டிக்கிட்டேன்."

சரசு என்னைப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போய் டோர்ச் அடித்துக் காட்டினேன். கிரில்லுக்குப் பின்னால் வெட்டிய வயர் மட்டும் இருந்தது. சரசு அங்கேயே கும்பிட்டாள். நான் திரும்பவும் உள்ளே போய், "நல்லா யோசிச்சு சொல்லு கண்ணு, கார்ல மணி இல்லை" என்றேன்.

"கார்ல இல்லப்பா. கார் பின்னாலதான் வந்துச்சு. மணி தனியா முன்னால வந்துச்சு. எங்கிட்ட வந்து நின்னுச்சு. கார் போய் முடியுற வரைக்கும் எனக்கு முன்னாலேயே நின்னு ஆடிக்கிட்டு இருந்துச்சு. பொறகு போயிருச்சு."

பிள்ளை இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி கேட்டாள்.

நான் விடுகிற ஆளா. மறுநாளே செக் பொயின்டுக்குப் போனேன். மணி அதே மேசையில், அதே தாள்களின் மேல் இருந்தது. யாராவது எடுத்தீர்களா என்று கேட்டேன், சார்ஜன்ட் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்து மணியையும் பிளையரையும் கொடுத்தனுப்பினார். அந்த ரோட்டில் அந்த நேரம் மாடு ஓட்டிப்போனவர் யார் என்று விசாரித்தேன், ஒருவரும் இல்லை. கோயில் மணியாக இருக்குமோ என்றால், அது மோட்டரில் அடிக்கிற மணி, அந்த மோட்டர் அன்றைக்கு என் கடையில் பிரித்துக் கிடந்தது. வயர் எல்லாம் தேடிப் பார்த்துவிட்டேன் ஐயா. வயர் இல்லை. சின்னையா வீட்டு மாடுதான் வந்து மறித்தது என்கிறாள் சரசு. நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை, மறுக்கவும் இல்லை.

அந்தக் காரை அந்த மாதமே விற்றுவிட்டேன். மணியை மறுபடி எதிலும் கட்டவில்லை, உள்ளே துணியைத் திணித்து, மஞ்சள் துணியில் சுற்றிச் சாமிப் படத்துக்குப் பின்னால் சரசு வைத்திருக்கிறாள்.

இப்போது சுகிக்குப் பகலிலும் பார்வை மங்கிவிட்டது. வீட்டிலிருந்தே தையல் வேலை செய்கிறாள், விரல்தான் அவளுக்குக் கண். போன மாதம் ஒரு மாலை, மழை பெய்து ஓய்ந்த நேரம். புதுக் கார் கொட்டகையில் பிளக்கில் மாட்டியபடி நின்றது, அதன் சின்ன விளக்கு மினுங்குவதை ஜன்னலால் பார்த்துக்கொண்டு நான் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் தையலை நிறுத்தினாள்.

"அப்பா, மணி" என்றாள்.

எனக்கு எதுவும் கேட்கவில்லை. என்ன மணி என்று கேட்பதற்குள் எழுந்து, என் சட்டையைப் பிடித்து இழுத்து, எங்கள் வீட்டு முன்னறையிலேயே என்னையும் சுவரோடு ஒட்டி நிறுத்தினாள். "பேசாதீங்க, போகட்டும்" என்றாள். ஒன்றையும் நம்பாத நான் நின்றேன். மணி அந்த மஞ்சள் துணிக்குள் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கக்கூட எனக்குத் துணிவு வரவில்லை. அவள் "போயிருச்சு" என்று சொல்லும் வரைக்கும் சுவரை விட்டு நான் நகரவே இல்லை.