செத்தவீட்டில் வந்த சிரிப்பு

எழுபதுகளின் நடுப்பகுதி. திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். துறைமுகத்தில் லோஞ்ச் படகு ஓட்டிய என் கணவருக்குப் பாரிசவாதம் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கைத்தடியோடு நடப்பார், கொன்னிக் கொன்னிக் கதைப்பார். ஆள் தேறிவிட்டார் என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

அந்த நேரம்தான் இறக்கக்கண்டியில் அவருடைய அண்ணன் செத்துப்போனார். தகப்பனில்லாத என் கணவரைத் தூக்கி வளர்த்த அண்ணன். பெட்டிக்குக் கிட்டப் போய்க் குனிந்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்க, நிறுத்த முடியாத சிரிப்பு. கண்ணால் தண்ணீர் ஓடுகிறது, வாய் சிரிக்கிறது. ஒப்பாரி வைத்த பெண்கள் அதை விட்டுவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வளர்த்ததுக்கு நல்லாச் சிரிக்கிறார். இவரைச் சுடலைக்குக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ!" என்று அண்ணி கத்தினார்.

எங்கள் பக்கத்தில் ஆண்கள் வாய்க்கரிசி போடுவது சுடலையில்தான். அண்ணனுக்கு ஒரு பிடி அரிசி போட விடாமல் அவரை வாசலோடு அனுப்பிவிட்டார்கள். அவர் எத்தனை தரம் "நான் சிரிக்கேல்லை" என்று சொல்லியும் ஒருவரும் காது கொடுக்கவில்லை.

சில மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து ஒரு டொக்டர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பாரிசவாதம் வந்தவர்களுக்கு வருடக்கணக்கில் என்னென்ன கோளாறு தொடருகிறது என்று ஆராய்ச்சி செய்கிறாராம். தண்ணீர் புரைக்கேறுகிறதா, மறதி இருக்கிறதா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, "மனசில ஒண்டும் இல்லாமச் சிரிப்பு, அழுகை வருதோ?" என்று கேட்டார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் நடந்ததெல்லாவற்றையும் கொட்டினேன்.

"அது அவர் சிரிக்கிறதில்லை, அம்மா. மூளையில ரத்தம் ஓடாமப் பழுதான இடம் செய்யிற வேலை. கன பேருக்கு இருக்கு. அவரால அடக்க ஏலாது."

வெளியே வந்ததும் என் கணவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "அண்ணியிட்டச் சொல்லும்."

அடுத்த பஸ்ஸிலேயே போனேன். அண்ணி எனக்கு இருக்க ஒரு கதிரைகூடத் தரவில்லை. "டொக்டர்மார் ஆயிரம் சொல்லுவினம். நான் கண்ணால கண்டனான்" என்றார். திரும்பி வந்து அதை அவரிடம் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு அவர் எந்த வீட்டு நல்லது கெட்டதுக்கும் போகவில்லை.

அவர் செத்தபோது மட்டும் அண்ணி ஓடி வந்தார். தலையிலடித்து, ஊரே கேட்க அழுது, முதல் ஆளாக அவர் வாயில் அரிசி போட்டார். என்ன பாசம் என்று வந்தவர்கள் உருகினார்கள். எனக்கு அந்தத் தட்டைப் பறித்து எறிய வேண்டும் போலிருந்தது. அவர் இருந்தால் விரும்பமாட்டாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த டொக்டரைப் பிறகு நாங்கள் காணவில்லை. ஆராய்ச்சிக்கு வந்த முன்பின் தெரியாத மனிதருக்குக் கேட்கத் தோன்றிய அந்த ஒரு கேள்வி, சொந்தமென்று சொல்லிக்கொண்ட ஒருவருக்கும் தோன்றவில்லையே என்பது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.